கேக் தட்டில் கேழ்வரகு

டிசம்பர் பத்தாம் தேதி விதைத்தேன்.
மூலை நசுங்கியதென்று
பெங்களூர் பேக்கரி கழித்துப்போட்ட
ஐந்து கேக் தட்டுகள்,
போன ஈஸ்டருக்கு இன்னாசி
அரிசிப் பையில் சுருட்டிக் கொண்டுவந்தவை.
செம்மண் சலித்து, எரு கொஞ்சம் உதிர்த்து,
கைப்பிடிக் கேழ்வரகு தூவி
ஈரச் சாக்கு போர்த்திவிட்டேன்.
குடில் வைக்கிற அன்றைக்கு
பெத்லகேம் பச்சையாக இருக்க வேண்டும்.

நான்காம் நாள்,
எலத்தகிரியில் பனி இறங்கி
மாந்தோப்பெல்லாம் மங்கிக் கிடந்த காலையில்
சாக்கைத் தூக்கிப் பார்த்த டோமினிக்
"அப்பா தட்டுல மீசை" என்றான்.

வெள்ளையடிக்க ஆள் கேட்டதற்கு
எண்ணூறு ரூபாய் என்றார்கள்.
நானே அடித்தேன், என் கை போகிற வரைக்கும்.
ஸ்டூலில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும்.
அதற்கு மேலே
போன வருஷத்துச் சுண்ணாம்பு
பழுப்பேறி ஒரு முழம் நிற்கிறது.
அங்கே எட்டுவது இன்னாசியின் கை.

ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும்.
பின்னால் மாவு மிஷின் ஓடுகிற சத்தம்.
"இன்னிக்கு நானூறு கிலோ" என்பார்.
"பிளம் கேக்கா?"
"எல்லாந்தான்."
லீவு கேட்டீங்களா என்று நான் கேட்பதில்லை.
நான் கேட்காதது அவருக்குக் கேட்டுவிடும்.
நட்சத்திரம் கட்டியாச்சா என்பார் அவசரமாக.

கட்டியாச்சு.
மூங்கில் பிளாச்சு, வண்ணத்தாள், உள்ளே சீரோ வாட் பல்பு.
ஐந்து முனையில் ஒன்று மட்டும் கட்டை.
அது பர்கூர் பக்கம் பார்க்கட்டும் என்று
திருப்பி மாட்டினான் பையன்.

பதினெட்டாம் தேதி அந்தியில்
மாதம்மா வீட்டு வெள்ளாட்டுக் குட்டி
சந்து வழியே நுழைந்து
மூன்று தட்டை வழித்துத் தின்றுவிட்டது.
நான் போட்ட கத்தலில்
அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள்
மடி நிறையக் கொட்டையோடு ஓடிவந்தாள்.
தட்டைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள்.
"உங்க சாமி பொறந்த எடத்துல
ஆடு இருந்துச்சுதானே?" என்றாள்.
முகத்தை இறுக்கிக்கொண்டுதான் நின்றேன்.
முடியவில்லை.

அவள் வீட்டுக் கேழ்வரகை
அன்றைக்கே மூன்று தட்டிலும் தூவினோம்.
வாசல் படியில் உட்கார்ந்து
ஊறின அவரையைப் பிதுக்கினோம்.
தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.
மார்கழிக்கு அவள் போட்ட கோலத்தில்
பாதி என் வாசலுக்கு வந்திருந்தது.

இருபத்தொன்றாம் தேதி கேரல் பார்ட்டி வந்தது.
தாத்தா முகமூடிக்குள் லைன்மேன் பெலவேந்திரன்;
செருப்பைப் பார்த்தே டோமினிக் கண்டுபிடித்துவிட்டான்.
ஆனாலும் மிட்டாய் கைக்கு வரும் வரைக்கும்
வாயைத் திறக்கவில்லை.

கலகலா முதல் ஈடு கருகிப்போனது.
இரண்டாவது ஈடு பரவாயில்லை.

இன்று இருபத்து நான்கு.
அட்டைப்பெட்டியைக் கசக்கி மலை செய்தோம்.
சூசையப்பருக்கு ஒடிந்த கையைப் பெவிக்காலில் ஒட்டினோம்.
இரண்டு தட்டில் ஆட்டின் வயிறு மறைய பயிர்,
மூன்று தட்டில் நகக்கண் அளவு.
இடையர்கள் ஏற்கனவே மேய்த்த நிலம் போல
அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.
குழந்தை மட்டும் இன்னும் சமையலறையில்,
சர்க்கரை டப்பா பக்கத்தில், பஞ்சுக்குள்.

சாயங்காலம் போன் வந்தது, வழக்கத்துக்கு முன்னாலேயே.
"கடைசி வண்டி லோடு ஆகுது.
ராத்திரி ஒசூர் வந்து பஸ் புடிச்சிருவன்.
விடிஞ்சிரும்."
கேக் எத்தனை கிலோ கொண்டுவரட்டும் என்று கேட்டவர்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"எனக்கு மட்டும் களி கிண்டி வை.
அந்த வாசனையே வாணாம்னு இருக்குது."

பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதிக்கிறது.
பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டார்கள்.
டோமினிக் புதுச் சட்டையில் அட்டைக் குண்டூசியைத் தேடி எடுக்கிறான்.
சுண்ணாம்பு வாளியை மட்டும்
நான் இன்னும் கழுவவில்லை.